மேசையில் தங்கிய கடிதங்கள்

ஓர் எழுத்தர், ஆயிரம் வாசல்கள். எந்த வாசலில் எப்போது தபால் வரும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு வாசலிலேயே அவர் காத்து நின்றால் மற்றவை என்னாகும்? ஒரே சமயத்தில் பலருடன் தொடர்பு கொள்ளும் கணிப்பொறி நிரலின் நிலையும் இதுவே.

1983-இல் இதற்கு ஒரு வழி கிடைத்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகம் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸில் 'செலக்ட்' என்னும் ஏற்பாடு இருந்தது. வாசல்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டால், தபால் வந்ததும் இயக்க அமைப்பே மணியடித்துச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் சரிபார்த்தாக வேண்டும். இணைப்புகள் பெருகியபோது இதுவே பெருஞ்சுமையாயிற்று. ஆகவே 2000-இல் ஃப்ரீ பி.எஸ்.டி.யில் 'கேகியூ'வும், 2002-இல் லினக்ஸின் சோதனைப் பதிப்பில் 'இபோல்' என்பதும் தோன்றின. விண்டோஸ் என்.டி.யோ 1994-லேயே வேறு வழி கண்டிருந்தது: கேட்ட தபாலைத் தானே எடுத்துவைத்த பிறகு அது மணியடிக்கும். இவ்வேறுபாடுகளை மறைத்து, எல்லா இயக்க அமைப்புகளுக்கும் ஒரே விதமாக நிரல் எழுத உதவுவது நீல்ஸ் புரோவோஸ் உருவாக்கிய 'லிப்ஈவென்ட்' என்னும் பொது நிரல் தொகுப்பு.

தொல்லை இத்துடன் தீர்ந்ததா? இல்லை. பிறர் படிக்க இயலாதவாறு செய்தியை மறைத்து அனுப்பும் 'டி.எல்.எஸ்.' முறை 1999-இல் தரமாக வகுக்கப்பட்டது. இதில் செய்திகள் முத்திரையிட்ட பைகளில் வருகின்றன. ஒரு பையில் 16,384 பைட்டுகள் வரை அடங்கும். முழுப் பையும் வந்து சேர்ந்தால்தான் முத்திரையை உடைக்கலாம்.

இப்போது கவனியுங்கள். எழுத்தர் பையைப் பிரித்து 4,096 பைட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த மணிக்காகக் காத்திருக்கிறார். மீதி 12,288 பைட்டுகள் உள்ளே மேசைமேல் கிடக்கின்றன. வாசலிலோ ஒன்றுமில்லை, மணி எப்படி ஒலிக்கும்? எதிர்முனையில் இருப்பவர் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார். கம்பி அறுபடவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. சிறிய செய்திகளை அனுப்பிச் சோதித்தால் இக்குறை தெரியவே தெரியாது!

மறையீட்டுத் தொகுப்பிடம் 'உள்ளே மீதி உண்டா?' என்று கேட்டு, தீரும்வரை எடுத்த பிறகே மணிக்குக் காத்திருப்பதுதான் பரிகாரம். 2010-இல் நிலைபெற்ற லிப்ஈவென்டின் இரண்டாம் பதிப்பு இப்பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டது.

வாசலுக்கும் எழுத்தருக்கும் இடையே புதிதாக ஒரு மேசையைப் போட்டால், பழைய மணி பாதிச் செய்தியையே சொல்லும். நீங்கள் நிரல் எழுதும் நாளில் இதனை நினைவிற்கொள்ளுங்கள்.