பள்ளி

படுக்கும் இடம் பள்ளி, மூலப்பொருள் அவ்வளவுதான். பெருமாள் பள்ளிகொள்வதும் கோயிலின் பள்ளியறையும் அதிலிருந்து வந்தவை. மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் சமண முனிவர்களுக்குக் கல்லிலேயே படுக்கை செதுக்கிக் கொடுத்தார்கள். அங்குள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டு, கிறிஸ்துவுக்கு முந்தையது, அந்த உறைவிடத்தைப் ‘பளி’ என்ற வடிவில் குறிக்கிறது. துறவி உறங்கிய இடம் மெல்ல மடத்துக்கே பெயராயிற்று. பௌத்தர்களின் விகாரைக்கும் அதே சொல். இவற்றுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அப்படித்தான் கொடுத்தான்.

7ஆம் நூற்றாண்டில் சைவரும் சமணரும் கடுமையாக மோதினார்கள். காலப்போக்கில் சமணப் பள்ளிகள் பல ஆளற்றுப் போயின. பெயரை மட்டும் யாரும் தீட்டென்று ஒதுக்கவில்லை. தமிழ் முஸ்லிம்கள் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றார்கள். கேரளத்தில் மசூதியும் பள்ளி, கிறிஸ்தவ தேவாலயமும் பள்ளி. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் என்ற பெயர், துறவிகள் தம் பள்ளிகளில் பாடம் சொன்னதால் வந்தது என்பார்கள். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. (வகுப்பில் தூங்குபவர்கள் மூலப்பொருளைக் காட்டி வாதாடலாம்.)

இறந்தவர்களுக்கும் இதே சொல் உண்டு: மறைந்த அரச குலத்தவரின் நினைவாக எழுப்பிய கோயில் பள்ளிப்படை. கும்பகோணம் பக்கம் போனால், பட்டீஸ்வரத்துக்கு அருகே இராசராசனின் தேவி பஞ்சவன்மாதேவிக்கு அவன் மகன் இராசேந்திரன் எடுத்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள்.