எல்லோருக்கும் ஓட்டு உண்டு, ஆனால் 97-ல் தேர்தல் முடிந்துவிடும்: பண்டைய ரோமின் வாக்குக் கணக்கு

உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது. விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்கிறீர்கள். வெயில் ஏறிவிட்டது, உங்கள் முறை மட்டும் வரவில்லை. திடீரென முன்னாலிருந்து ஒரு அறிவிப்பு: முடிவு தெரிந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நீங்கள் ஓட்டே போடவில்லை. ஆனால் சட்டப்படி இதில் எந்தத் தவறும் இல்லை.

ரோமக் குடியரசில் ஒரு ஏழைக் குடிமகனுக்குத் தேர்தல் நாள் இப்படித்தான் முடியும். ரோம் என்றதும் நமக்கு செனட்டும் சீசரும் கத்திக்குத்தும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த ஆட்சியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது அதன் ஓட்டு எண்ணும் முறையை.

முதலில் அடிப்படை. மரபுவழிக் கணக்குப்படி கி.மு. 509-ல் ரோமானியர்கள் மன்னரைத் துரத்தினார்கள். அதன்பின் உச்சப் பதவி கான்சல். ஒரே நேரத்தில் இரண்டு பேர், பதவிக்காலம் ஒரே வருடம், ஒருவர் முடிவை இன்னொருவர் தடுக்கலாம். செனட்டை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலும் முன்னாள் பதவியாளர்கள் நிரம்பிய, சுமார் 300 பேர் கொண்ட சபை அது. பெயருக்கு ஆலோசனை சபை, நடைமுறையில் கஜானாவும் வெளியுறவும் அதன் கையில். கான்சலைத் தேர்ந்தெடுத்தது குடிமக்களின் பேரவை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் இடமே கிடையாது.

18 + 80 = 98

அந்தப் பேரவையில் தனி ஆளின் ஓட்டு நேரடியாக முடிவில் சேராது. குடிமக்கள் 193 குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பெயர் ‘செஞ்சுரி’ (கிரிக்கெட் செஞ்சுரிக்கும் இதுதான் வேர்ச்சொல்). குழுவுக்குள் பெரும்பான்மை எந்தப் பக்கமோ, அதுதான் அந்தக் குழுவின் ஒரே ஓட்டு. அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு மாநிலத்தை ஜெயித்தால் அதன் மொத்த எலக்டர்களும் கிடைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, யார் எந்தக் குழுவில்? அதைத் தீர்மானித்தது சொத்து. குதிரைப்படையினருக்கு 18 செஞ்சுரிகள். அடுத்து முதல் வகுப்பு, அதாவது வரலாற்றாசிரியர் லிவி தரும் கணக்கில் 1,00,000 ‘ஆஸ்’ நாணயமோ அதற்கு மேலோ சொத்து உள்ளவர்கள்: 80 செஞ்சுரிகள். இரண்டு, மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு ஆளுக்கு 20. ஐந்தாம் வகுப்புக்கு 30. தச்சர், கொல்லர், ராணுவ வாத்தியக்காரர்களுக்கு 4. சொத்தே இல்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று.

ஜெயிக்க 97 போதும். மேலிருந்து கீழாகத்தான் ஓட்டெடுப்பு. குதிரைப்படையும் முதல் வகுப்பும் ஒத்துப்போனாலே 98 வந்துவிடும், தேர்தல் அங்கேயே நின்றுவிடும். கீழ் வகுப்பு செஞ்சுரி ஒன்றில் இருந்த ஆட்கள் கிட்டத்தட்ட மொத்த முதல் வகுப்பையும்விட அதிகம் என்று சிசரோ எழுதியிருக்கிறார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எண்ணிக்கையில் அதிகமானவர்கள் கையில் அதிகாரம் போய்விடக் கூடாது என்பதுதான் அவர் கட்சி. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். பணக்கார செஞ்சுரியில் 100 பேர், கடைசி செஞ்சுரியில் 10,000 பேர் என்றால், அந்த ஏழையின் ஓட்டு மதிப்பு பணக்காரர் ஓட்டில் நூறில் ஒரு பங்கு.

வயதுக்கும் எடை உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் பாதி செஞ்சுரிகள் 46 வயதைத் தொட்டவர்களுக்கு, பாதி அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு. அன்றைய சமூகத்தில் இளைஞர்கள்தான் அதிகம் இருந்தார்கள். இருபதுகளில் இருப்பவர்களுக்கு அங்கேயும் நஷ்டம்.

இதற்கு அவர்கள் சொன்ன நியாயம் போர். படைவீரர் ஆயுதத்தைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். முதல் வகுப்புக்காரர் தலைக்கவசம், கேடயம், மார்புக்கவசம், ஈட்டி, வாள் என்று வர வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குக் கவணும் கல்லும் போதும். அதிகம் செலவழிப்பவருக்கு அதிகக் குரல். இன்றைய ஷேர்ஹோல்டர் மீட்டிங் லாஜிக்தான். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஒரு சீர்திருத்தம் வந்து முதல் வகுப்பு 70 செஞ்சுரிகளாகக் குறைந்தது. 18-ஐச் சேர்த்தால் 88, இன்னும் 9 தேவை. அதாவது இரண்டாம் வகுப்பையும் கேட்க வேண்டி வந்தது. சொத்தில்லாதவர்களிடம் வரிசை போய்ச் சேர்வது அப்போதும் அபூர்வம்.

இன்னொரு பேரவையும் இருந்தது

பெரும்பாலான சட்டங்களை நிறைவேற்றியதும், சாமானியர்களின் பிரதிநிதிகளான டிரிபியூன்களைத் தேர்ந்தெடுத்ததும் வேறு பேரவை. அங்கே சொத்து வகுப்பு கிடையாது. கி.மு. 241 முதல் 35 ‘டிரைப்’கள், இவை இனக்குழுக்கள் அல்ல, தொகுதி மாதிரி. நியாயமாகத் தெரிகிறதா? 35-ல் நகரத்துக்கு 4, கிராமப்புறத்துக்கு 31. விடுதலையான அடிமைகளைப் பெரும்பாலும் அந்த நான்கில்தான் அடைத்தார்கள். ஓட்டுப்போட ரோமுக்கே நேரில் வர வேண்டும், தபால் ஓட்டெல்லாம் இல்லை. தூரத்துக் கிராமத்தில் நிலத்தை விட்டுவிட்டு வரக்கூடியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தாலிய நேச நகரங்கள் குடியுரிமை கேட்டுக் கி.மு. 91-ல் போரே தொடங்கின. உரிமை கிடைத்தது, ஓட்டுச்சாவடி மட்டும் ரோமிலேயே இருந்தது. கி.மு. 70-69 கணக்கெடுப்பில் குடிமக்கள் சுமார் 9,10,000 பேர். வாக்களிக்கும் மைதானத்தில் அதிகபட்சம் 70,000 பேர் நிற்கலாம் என்பது ஆய்வாளர்களின் தாராளமான மதிப்பீடு. அதாவது 8 சதவீதத்துக்கும் கீழே. (கி.மு. 28-ல் அகஸ்டஸ் எடுத்த கணக்கெடுப்பில் இந்த எண் 40,63,000! நாலரை மடங்கு. ஆண்களை மட்டும் எண்ணியவர்கள் பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எக்செலில் காலம் தலைப்பை யாரோ மாற்றிவிட்டுச் சொல்லாமல் போன கதை.)

பாலத்தைக் குறுக்கிய மாரியஸ்

நீங்கள் ஆபீஸில் தினமும் சொல்லும் ‘கிளையன்ட்’ ரோமில் பிறந்த சொல். ஆனால் அங்கே கிளையன்ட் கீழே இருப்பவர்: காலையில் பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய் வணக்கம் வைத்து, உதவி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு விசுவாசம் காட்டுபவர். கி.மு. 139 வரை ஓட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் புரவலர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி மாற்றிச் சொல்வீர்கள்?

அந்த வருடம்தான் தேர்தலுக்கு ரகசிய வாக்குச் சட்டம் வந்தது. மெழுகு பூசிய பலகையில் எழுதிப் பெட்டியில் போடலாம். பெரிய மனிதர்கள் விடுவார்களா? பெட்டிக்குப் போகும் மேடைப் பாலத்தில் ஆட்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கி.மு. 119-ல் டிரிபியூனாக இருந்த மாரியஸ் அந்தப் பாலங்களைக் குறுகலாக்கச் சட்டம் கொண்டுவந்தார். கான்சல் கோட்டா எதிர்த்தார். அவரையே சிறைக்கு அனுப்புவேன் என்று மாரியஸ் மிரட்டினார். சட்டம் நிறைவேறியது. இந்த மொத்த வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த சீர்திருத்தம் இதுதான். கொள்கைப் பிரகடனம் எதுவும் இல்லை, பக்கத்தில் ஆள் நிற்க இடமில்லாமல் செய்தார், அவ்வளவுதான்.

பேரவைகளை யாரும் அதிரடியாகக் கலைக்கவில்லை. கி.மு. 26-ல் அக்ரிப்பா வாக்களிக்கும் மைதானத்துக்குப் பிரமாண்டமான கட்டடத்தைத் திறந்துவைத்தார், அப்போது முடிவெடுப்பது அகஸ்டஸ் என்று எல்லோருக்கும் தெரியும். கி.பி. 14-ல் டைபீரியஸ் பதவிக்கு வந்ததும் தேர்தல்கள் செனட்டுக்கே மாற்றப்பட்டன. மக்கள் கொஞ்சம் முணுமுணுத்ததோடு சரி என்கிறார் டாசிட்டஸ். அந்தக் கட்டடத்தில் கிளாடியேட்டர் சண்டைகள் நடந்தன, பின்னாளில் கடைகளும் வந்தன. அதன் ஒரு சுவர் இன்றும் ரோமின் பாந்தியன் கோயிலை ஒட்டி நிற்கிறது.