தோற்ற ஆட்டங்களின் விலை

வேல்ஸின் வடக்குக் கரையில், டீ ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரிய கப்பல் தரைதட்டி நிற்கிறது. பெயர் டியூக் ஆஃப் லங்காஸ்டர். 1956இல் பெல்ஃபாஸ்டில் கட்டிய பயணிகள் கப்பல். 1979இல் அதைக் கரையேற்றி, உள்ளே கடையும் கேளிக்கையும் வைத்து ‘ஃபன் ஷிப்’ ஆக்கினார்கள். உள்ளூர் நிர்வாகத்தோடு தகராறு வந்தது. சில வருடங்களில் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே டஜன் கணக்கில் ஆர்கேட் பெட்டிகள் இருட்டில் நின்றன. ஏறக்குறைய முப்பது வருடம். 2010களின் தொடக்கத்தில் சில சேகரிப்பாளர்கள் பேரம் பேசி வாங்கி, கிரேன் வைத்து அவற்றை இறக்கினார்கள்.

முதலில் படித்தபோது இது எனக்குப் புதையல் கதையாகத்தான் தெரிந்தது. பிறகுதான் உறைத்தது. அந்தப் பெட்டிகளைக் காப்பாற்றியது யாருடைய அன்பும் இல்லை, ஒரு பூட்டு. வெளியே யாராவது ‘கவனித்துக்கொள்ளும்’ இடத்தில் இருந்திருந்தால் அவற்றில் பாதிகூட மிஞ்சியிருக்காது.

ஏன் என்று புரிய, இந்தப் பெட்டிகளை யார் வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். ஆர்கேட் ஆட்டம் என்பது ஆளுயர மரப்பெட்டி. நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். உள்ளே ஒரு பிக்சர் டியூப், ஒரு சர்க்யூட் போர்டு, காசு விழும் டப்பா. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு பெட்டி இரண்டாயிரம், மூவாயிரம் டாலர். வாங்கியவர் விளையாடுகிறவர் அல்ல, ஆபரேட்டர். பார், பீட்சா கடை, சலவைக்கடை என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் பெட்டியை நிறுத்திவிட்டு, அவ்வப்போது வந்து காசை அள்ளிக்கொண்டு போகிறவர். ஒரு ஆட்டத்துக்கு 25 சென்ட். 2,500 டாலர் போட்டவர் முதலை எடுக்கவே பத்தாயிரம் தடவை காசு விழ வேண்டும். கடைக்காரர் பங்கு தனி.

அதனால் சம்பாதிக்காத பெட்டிக்குக் கருணையே கிடையாது. பக்கவாட்டுப் படத்தின் மேல் பெயின்ட் அடி, போர்டைக் கழற்றி வேறு போர்டு மாட்டு, மேலே புதுப் பெயர்ப்பலகையைச் செருகு. அவ்வளவுதான், புது ஆட்டம் ரெடி. இதற்கென்றே கன்வர்ஷன் கிட் விற்றார்கள்.

கம்பெனிகளும் இதையேதான் செய்தன. நின்டெண்டோ ‘ரேடார் ஸ்கோப்’ என்ற ஆட்டத்தைச் சுமார் 3,000 பெட்டிகள் அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஆயிரம்தான் விற்றது. மிச்சத்தை என்ன செய்வது? ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் ஊழியரிடம், அதே பெட்டிக்குள் ஓடுகிற மாதிரி வேறு ஆட்டம் செய்யச் சொன்னார்கள். 1981இல் ‘டாங்கி காங்’ வந்தது. நாம் பின்னால் மரியோ என்று அறிந்தவர் அதில்தான் முதன்முதலில் குதித்தார். ஒரு ஆட்டத்தின் பிணத்துக்குள் இன்னொரு ஆட்டம் பிறந்தது.

அரிய பொருள் என்றதும் நமக்கு நுட்பமான கைவேலை, ராஜா காலம் என்றெல்லாம் தோன்றும். ஆர்கேட் உலகில் அரிதானது என்றால் பெரும்பாலும் தோற்றது என்று அர்த்தம். ஜெயித்த ‘மிஸ் பேக்மேன்’ ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இன்றும் தேடினால் கிடைக்கும். அடாரி 1982இல் வெளியிட்ட ‘குவாண்டம்’ சுமார் 500 பெட்டிகளோடு நின்றுபோனது. இன்று அதன் விலை ஐந்து இலக்க டாலருக்குப் போகிறது. அன்று காசு போட ஆளில்லாத ஆட்டத்துக்கு இன்று கார் விலை!

இந்த ஏற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1990களில் பழைய பெட்டி என்றால் தொல்லை. ஆபரேட்டர்கள் நூறு இருநூறு டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். விற்காதது குப்பைக்குப் போனது. அப்போது வாங்கிக் கராஜில் அடுக்கியவர்களை வீட்டிலேயே பைத்தியம் என்றிருப்பார்கள். பிறகு, சின்ன வயதில் காசு இல்லாமல் அடுத்தவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கினார்கள். இணைய ஏலம் வந்தது. எங்கோ ஒரு ஊரில் தூசி படிந்து கிடந்த பெட்டிக்கு உலகம் முழுக்க வாங்க ஆள் வந்தது.

2020இல் பெருந்தொற்று எல்லாரையும் வீட்டுக்குள் உட்கார வைத்தது. 2021 ஜூலையில் பிரிக்காத ‘சூப்பர் மரியோ 64’ கார்ட்ரிட்ஜ் ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது வீட்டு வீடியோ கேம்தான், ஆர்கேட் இல்லை. ஆனால் பழைய ஆட்டம் என்பது முதலீடு என்ற நினைப்பு அதோடு ஊன்றிவிட்டது. அதே செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் பேனிங் ஊரில் நடத்த முடியாமல் மூடிய பின்பால் அருங்காட்சியகத்தின் 1,100க்கும் மேற்பட்ட பின்பால், ஆர்கேட் இயந்திரங்கள் ஏலத்துக்கு வந்தன. பொதுமக்கள் தொட்டு விளையாடிய பெட்டிகள் ஒவ்வொன்றாக ஒவ்வொருவர் வீட்டுக்குப் போய்விட்டன.

சரி, காசு கொடுத்து வாங்கியாச்சு. ஆட்டம் பிழைத்துவிட்டதா? அதுவும் இல்லை. பெட்டி மரம், நிற்கும். உள்ளே இருப்பது சாகும். பிக்சர் டியூப் செய்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. அதிலும் குவாண்டம், ‘டெம்பஸ்ட்’ போன்றவற்றில் இருப்பது வெக்டர் மானிட்டர். சாதாரண டிவி வரிவரியாகப் படத்தை நிரப்பும். இதில் எலக்ட்ரான் கதிர் பேனா மாதிரி நேராகக் கோடு இழுக்கும். அந்த ஒளியின் கூர்மை தட்டைத் திரையில் முழுதாக வராது. சூட்டில் எரிந்துபோவதற்கும் இந்த மானிட்டர்கள் பேர்போனவை. ஒன்றை ரிப்பேர் செய்ய இன்னொன்றை அறுக்க வேண்டும். விலை ஏற இதுவும் ஒரு காரணம்.

கேப்காம் 1993இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டு இன்னும் விசித்திரம். திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்க ஆட்டத்தைச் சங்கேதமாக்கி, அதைத் திறக்கும் சாவியை ஒரு பேட்டரியின் தயவில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்டு சாகும். சேகரிப்பாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘தற்கொலை பேட்டரி’. பல வருடம் கழித்து ஆர்வலர்கள் சிலர் அந்தப் பூட்டை உடைத்து, செத்த போர்டை எழுப்ப வழி கண்டுபிடித்தார்கள். சட்டப்படி அது சரியா என்று கேட்டால் பதில் சிக்கல்தான். ஆனால் அவர்கள் இல்லையென்றால் அந்தப் போர்டுகள் இன்று வெறும் பச்சைத் தகடு.

இங்கேதான் விலை தன் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. அடாரி 1982இல் ‘அக்கா ஆர்’ என்று ஒரு ஆட்டத்தைச் சோதனைக்கு விட்டது. நம்ம அக்கா இல்லை. உருவாக்கிய ரால்ஸ்டன், ஹேலி இருவரின் பெயரை ஒளித்து வைத்த சுருக்கம். கடினமாக இருந்ததால் காசு விழவில்லை, கைவிட்டார்கள். அறியப்பட்ட பெட்டிகள் மூன்றே மூன்று. மூன்றும் தனியார் கையில். சிப்பில் இருக்கும் நிரலைப் பிரதி எடுத்து வைத்தால் ஆட்டம் என்றைக்கும் அழியாது. ஆனால் பிரதி வெளியே வந்தால் ‘வேறு யாரிடமும் இல்லை’ என்ற மதிப்பு போய்விடுமே என்ற பயம் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சுற்றி எப்போதும் உண்டு. 2019இல் அந்த நிரல் திடீரென்று இணையத்தில் வந்தது. பெட்டியை ரிப்பேர் செய்யப் போன யாரோ உரிமையாளருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார் என்று ஒரு வதந்தி. 1991இல் சோதனையிலேயே தோற்ற ‘மார்பிள் மேட்னஸ் 2’ கதையும் இதே மாதிரிதான். அதன் நிரல் 2022இல்தான் கசிந்தது.

பரணில் சுவடியைக் கட்டி வைத்துக்கொண்டு யாருக்கும் காட்டாதவர்களின் கதை நமக்குப் புதிதில்லை. வைத்திருந்தவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குப்பைக்குப் போக இருந்ததைத் தூக்கி வந்து, கைக்காசு போட்டு, முப்பது வருடம் காத்தவர் அவர். அவர் இல்லையென்றால் கசிவதற்குக்கூட ஒன்றும் இருந்திருக்காது. திருட்டைக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பிரதி வெளியே வந்த பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2022இல் அடாரியே தன் ஐம்பதாண்டுத் தொகுப்பில் ‘அக்கா ஆர்’ ஆட்டத்தைச் சேர்த்தது. அடுத்த வருடம் ஜெஃப் மின்டர் அதைப் புதிதாக எழுதி வெளியிட்டார். மூன்று வீடுகளில் அடைந்து கிடந்தது நாற்பது வருடம் கழித்து ரசிகர்களைப் பெற்றது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்தப் பெட்டிகள் இருந்தபோது 25 சென்ட், இறந்த பிறகுதான் பொன். அந்தப் பொன் மரத்தையும் டியூபையும் காப்பாற்றுகிறது, உண்மை. ஆட்டத்தைக் காப்பாற்ற ஒரு கை வேண்டும்.

சிகாகோ பக்கத்தில் புரூக்ஃபீல்ட் என்ற ஊரில் 2010 முதல் கேலப்பிங் கோஸ்ட் என்ற ஆர்கேட் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் ஒன்றைக் கட்டிவிட்டால் நூற்றுக்கணக்கான பெட்டிகளில் எதில் வேண்டுமானாலும் விளையாடலாம். அரியவையும் அங்கே வரிசையோடு வரிசையாக நிற்கின்றன. யாராவது ஜாய்ஸ்டிக்கை முறுக்குவார்கள், அது கெட்டுப்போகும், மறுபடி சரி செய்வார்கள். தேயும்தான். தேயட்டுமே. தேய்வதற்குத்தானே அதைச் செய்தார்கள்.