ஒரே மூலம், பல வடிவம்: கட்டற்ற மென்பொருள் கையேடுகளின் கதை

மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் தாண்டி குரோம்பேட்டை வரும். அங்கே எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் இணைந்து 2005ல் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. 2007ல் சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் என்பது அதன் சிறப்பு. ஆனால் கணினித் திரை தமிழ் பேசினால் மட்டும் போதுமா? அதைக் கற்றுத்தரும் கையேடும் தமிழில் வேண்டாமா?

கையேடு எழுதுவதைவிடக் கடினம் அதைப் பராமரிப்பது. கட்டற்ற மென்பொருள் அடிக்கடி மாறும். ஒரே கையேடு இணையப் பக்கமாக ஒன்று, அச்சிட ஒன்று, நிரலுக்குள் உதவிப் பக்கமாக ஒன்று என்று தனித்தனியாக இருந்தால், ஒன்றில் பிழை திருத்தி மற்ற இரண்டை மறந்துவிடுவோம். எதை நம்புவது என்று படிப்பவருக்குத் தெரியாது.

இதற்கான விடைதான் டாக்புக். ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ், ஓ'ரைலி என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் யுனிக்ஸ் ஆவணங்களுக்காக 1991ல் இதை உருவாக்கின. அப்போது அது எஸ்.ஜி.எம்.எல். மொழியில் இருந்தது. 1998ல் எக்ஸ்.எம்.எல். தரம் வெளியானபின் டாக்புக்கும் அதற்கு மாறியது. லினக்ஸ் ஆவணத் திட்டம், கே.டி.இ., க்னோம், பி.எச்.பி. கையேடு எல்லாம் இதைப் பின்பற்றின.

இதன் அடிப்படை எளிது. "இதைத் தடித்த எழுத்தில் போடு" என்று எழுதாமல், "இது கட்டளை", "இது கோப்பின் பெயர்", "இது எச்சரிக்கை" என்று மட்டும் குறிக்க வேண்டும். தோற்றத்தை வேறொரு நிரல் பார்த்துக்கொள்ளும். ஒரே மூலக் கோப்பிலிருந்து இணையப் பக்கமும் பி.டி.எஃப்.பும் பிறக்கும்.

மொழிபெயர்ப்புக்கும் இது கைகொடுத்தது. கே.டி.இ. கையேட்டின் ஒவ்வொரு பத்தியும் தனியே பிரித்தெடுக்கப்பட்டு மொழிபெயர்ப்பாளரிடம் போகும். ஆங்கில மூலத்தில் ஒரு பத்தி மாறினால் அது மட்டும் மறுபார்வைக்கு வரும். மற்ற உழைப்பு வீணாகாது. மொழிபெயர்க்காத பத்தி ஆங்கிலத்திலேயே தெரியும்.

இருந்தும் பட்டிகளும் பொத்தான்களும் தமிழுக்கு வந்த அளவுக்குக் கையேடுகள் வரவில்லை. தன்னார்வலர்கள் குறைவு என்பது ஒரு காரணம். எழுத்துரு இன்னொன்று. 'கொ' என்ற எழுத்தில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும் உயிர்க்குறி, திரையில் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். பழைய அச்சுக்கோப்பு நிரல்களுக்கு இது தெரியாது. 2004ல் மேக்கிலும் 2006ல் லினக்சிலும் வந்த ஸீடெக் போன்றவை அந்தத் தடையைக் குறைத்தன.

தமிழ் நூல்களின் கதையும் இதேதான். 1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஒரே நூலை டிஸ்கி, யூனிகோடு, பி.டி.எஃப். எனப் பல வடிவங்களில் தந்தது. ஒரு பிழை கண்டால் ஒவ்வொன்றிலும் திருத்த வேண்டும். 2013ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தரும் ஈபப் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது எக்ஸ்.எம்.எல். குடும்பத்தைச் சேர்ந்த பக்கங்களே.

குறிச்சொற்களின் சுமை தாங்காமல் ஃப்ரீபி.எஸ்.டி. 2021ல் டாக்புக்கை விட்டு எளிய ஆஸ்கிடாக்குக்கு மாறியது. ஆனால் ஒரே மூலம் என்ற கொள்கையை அது விடவில்லை. கருவி மாறலாம், ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்த வேண்டும் என்ற தேவை மாறாது. ஆள்பலம் குறைந்த தமிழுக்கு அந்தத் தேவை இன்னும் அதிகம்.