பிர்அவ்னின் ஊருக்கா போகிறீர்கள்?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

இன்ஷா அல்லாஹ், வருகிற டிசெம்பர் விடுமுறையில் நாங்கள் இருவரும் எகிப்து போகத் திட்டமிட்டு வருகிறோம். இருவருமே ஆசிரியர்கள். எங்களில் ஒருவர் வரலாறு, மற்றவர் கணிதம். செய்தி ஊரில் பரவியதிலிருந்து ஒரே கேள்விதான்: "உம்ராவுக்குப் போற காச வெச்சிக்கிட்டு பிர்அவ்ன்ட ஊரப் பாக்கவா போறீங்க?" சிலர் பகிடியாகக் கேட்கிறார்கள். சில பெரியவர்கள் உண்மையான கவலையோடு கேட்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

பிர்அவ்னைப் பார்க்க நாங்கள் போகவில்லை. அவனைப் போன்ற மன்னர்களுக்காகக் கல் இழுத்தவர்களையும், மண் குழைத்தவர்களையும் தேடித்தான் போகிறோம். எங்கள் பயணத் திட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. முன்னிருந்தோரின் முடிவைப் பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. பார்க்கச் சொன்னது படிப்பினைக்காகத்தான். வாய் பிளந்து நிற்பதற்காக அல்ல.

முதலில், எம்மிடையே அடிக்கடி சுற்றிவரும் இரண்டு கதைகளைத் தெளிவுபடுத்திவிடுவோம்.

ஒன்று, "பனூ இஸ்ராயீல்களை அடிமையாக வைத்து பிர்அவ்ன் பிரமிட்டுகளைக் கட்டினான்" என்பது. கீஸாவின் பெரிய பிரமிட்டைக் கட்டியவர் குஃபு என்ற மன்னர். காலம் ஏறத்தாழ கி.மு. 2560. மூஸா (அலை) அவர்கள் வாழ்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் வருடங்களுக்கும் முந்தியது அது. மூஸா நபியின் காலத்திலேயே அந்தப் பிரமிட்டுகள் பழங்காலச் சின்னங்கள்!

இரண்டு, "பிர்அவ்னின் உடல் செங்கடலில் கண்டெடுக்கப்பட்டது, உடலில் உப்பு இருந்தது" என்று வாட்ஸ்அப்பில் வரும் படம். அந்தப் படத்தில் அநேகமாக இருப்பது இரண்டாம் ரெம்ஸிஸ் மன்னரின் மம்மி. அது கடலில் கிடைக்கவில்லை. 1881இல் லக்சருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில், தைர் அல்-பஹ்ரி மலையடிவாரத்திலுள்ள ஒரு மறைவிடத்தில் வேறு பல மன்னர்களின் மம்மிகளுடன் கிடைத்தது. கல்லறைத் திருடர்களுக்குப் பயந்து பழங்காலப் பூசாரிகளே அவற்றை அங்கு ஒளித்து வைத்திருந்தார்கள். உப்பைப் பொறுத்தவரை, எல்லா மம்மிகளையும் உலர்த்தியதே நேட்ரன் என்ற ஒரு வகை உப்பினால்தான். மூஸா நபியை எதிர்த்த பிர்அவ்னின் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. அல்லாஹ்வின் வாக்கு உண்மை என்று நம்புவதற்கு நூதனசாலையின் பெயர்ப்பலகை எமக்குத் தேவையில்லை. பிள்ளைகளுக்குத் தவறான தகவலைச் சொல்லி ஈமானை வளர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

இனி எங்கள் பயண ஒழுங்குக்கு வருவோம்.

பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் முதல் நாளே கீஸாவுக்குப் போய் விடுகின்றன. நாங்கள் கீஸாவை மூன்றாம் நாளுக்கு வைத்திருக்கிறோம். முதலில் சக்காரா. அங்கேதான் ஜோஸர் மன்னரின் படிக்கட்டுப் பிரமிட் இருக்கிறது. கி.மு. 2650 அளவில் கட்டப்பட்டது. ஆறு படிகள், ஏறத்தாழ 62 மீற்றர் உயரம். திட்டமிட்டவர் இம்ஹோதெப் என்று அறியப்படுகிறது.

அடுத்தது தஹ்ஷூர். குஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு அங்கே கட்டிய "வளைந்த பிரமிட்"டில் கீழ்ப்பகுதியின் சாய்வு ஏறத்தாழ 54 பாகை. பாதியில் வெடிப்புகள் தோன்றவே, மேற்பகுதியை 43 பாகைக்குக் குறைத்துவிட்டார்கள். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு பக்கத்திலேயே கட்டியதுதான் சிவப்புப் பிரமிட். இவற்றைப் பார்த்த பிறகு கீஸாவுக்குப் போனால், பெரிய பிரமிட் வானத்திலிருந்து இறங்கியதல்ல, வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதும் அல்ல, இரண்டு மூன்று தலைமுறை மனிதர்கள் பிழைவிட்டுத் திருத்திக் கற்றுக்கொண்டதன் விளைவு என்பது கண்ணுக்கே தெரியும். வகுப்பில் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதும் இதைத்தானே?

கீஸாவில் எங்கள் கணித ஆசிரியருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய பிரமிட்டில் ஏறத்தாழ 23 இலட்சம் கற்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 20 வருடங்களில் கட்டினார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளும் தவறாமல் நாளொன்றுக்கு 315 கற்கள். பத்து மணி நேர வேலை நாள் என்றால், ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல்.

அந்தக் கற்களை நகர்த்தியவர்கள் யார்? 1990இல் கீஸாவின் தெற்கே ஒரு குதிரையின் கால் மண்சுவரில் இடறியது. தோண்டிப் பார்த்தபோது வெளிப்பட்டது பிரமிட் தொழிலாளர்களின் மையவாடி. எலும்புகளில் பாரம் சுமந்த தேய்மானம் தெரிந்தது. முறிந்து, கட்டுப்போட்டு, மீண்டும் பொருந்திய கை கால்களும் தெரிந்தன. வைத்தியம் கிடைத்திருக்கிறது. அருகிலிருந்த தொழிலாளர் குடியிருப்பில் பாண் சுடும் அடுப்புகளும் ஏராளமான மாட்டெலும்புகளும் கிடைத்தன. இவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் அல்ல என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. அதற்காக விரும்பி வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. எமது நாட்டின் பழைய இராஜகாரிய முறையைப் போல, அரசனுக்குச் செய்தே ஆகவேண்டிய வேலை.

2013இல் செங்கடற்கரையிலுள்ள வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் ஒரு நாட்குறிப்பு கிடைத்தது. எழுதியவர் மெரெர் என்ற மேற்பார்வையாளர். ஏறத்தாழ 40 பேர் கொண்ட தன் குழுவோடு, தூரா கற்சுரங்கத்திலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக்கற்களைப் படகில் ஏற்றிக் கீஸாவுக்குக் கொண்டுவந்ததை நாள் நாளாகக் குறித்திருக்கிறார். எழுத்துள்ள பப்பைரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுதான். குஃபு தன்னைப் பற்றி எழுதிவைத்த வரலாறு எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை. அவருக்காகக் கல் ஏற்றியவரின் நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. வரலாறு கற்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

கீஸாவில் எம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னோர் அடையாளமும் உண்டு. மூன்றாவது, சிறிய பிரமிட்டின் வடக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெட்டு. 1196இல், சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் மகன் அல்-அஸீஸ் உஸ்மான் அதை இடிக்க முயன்றார். எட்டு மாதங்கள் ஆட்கள் உழைத்தும் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு கற்களுக்கு மேல் அகற்ற முடியவில்லை. கைவிட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் எகிப்தில் இருந்த அறிஞர் அப்துல் லதீஃப் அல்-பக்தாதி இதை எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் தீனார் தந்தால் ஒரு கல்லையாவது மறுபடி அதன் இடத்தில் வைப்பீர்களா என்று வேலையாட்களின் தலைவரிடம் கேட்டாராம். பல மடங்கு தந்தாலும் முடியாது என்பதுதான் பதிலாம். அல்-பக்தாதி அந்தக் கட்டடங்களை இகழவும் இல்லை, வணங்கவும் இல்லை. அளந்தார், வியந்தார், எழுதினார். எங்களுக்குப் பிடித்த வழி அதுதான்.

பிறகு கெய்ரோவிலிருந்து இரவு ரயிலில் லக்சர்.

லக்சர் கோயிலுக்குள்ளேயே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அபுல் ஹஜ்ஜாஜ் பள்ளிவாசல், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது கட்டப்பட்ட காலத்தில் கோயிலின் பெரும்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. பின்னர் மண்ணை அகற்றியபோது, பள்ளியின் பழைய வாசல் நிலத்திலிருந்து பல மீற்றர் உயரத்தில் தொங்கி நின்றது. இன்றும் அங்கே தொழுகை நடக்கிறது. அங்கே இரண்டு ரக்அத் தொழ வேண்டும் என்பது எங்கள் நிய்யத்.

ஆனால் லக்சரில் நாங்கள் அதிக நேரம் ஒதுக்கியிருப்பது தைர் அல்-மதீனா என்ற சிறிய கிராமத்துக்கு. மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். வீடுகளின் அத்திவாரங்கள் இன்றும் வரிசையாக இருக்கின்றன.

ஆசிரியர்களே, இதைக் கேளுங்கள். இந்த ஊரின் வரவு இடாப்பு ஒன்று கிடைத்திருக்கிறது! சுண்ணாம்புக்கல் பலகையில் எழுதப்பட்டது. இரண்டாம் ரெம்ஸிஸின் 40ஆம் ஆட்சியாண்டுக்குரியது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூதனசாலையில் இருக்கிறது. 40 பேரின் பெயர்கள், வராத நாட்கள், அவற்றுக்கு மேலே சிவப்பு மையில் காரணங்கள். ஒருவருக்குச் சுகமில்லை. ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவருக்குக் கண் வருத்தம். ஒருவர் குடும்பத்தில் மையத்துக் காரியம். மூவாயிரம் வருடங்களுக்கு மேலாகியும் மனிதன் லீவு கேட்கும் காரணங்கள் மாறவில்லை.

அதே ஊரில்தான் வரலாற்றில் பதிவான முதலாவது வேலைநிறுத்தம் நடந்தது. மூன்றாம் ரெம்ஸிஸின் 29ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1150களில். இவர்களுக்குக் கூலி தானியமாகவே கிடைத்தது. அது பல நாட்கள் தாமதமானபோது, வேலையைப் போட்டுவிட்டு, காவல் அரண்களைத் தாண்டிப் போய், கோயில்களின் அருகே உட்கார்ந்துவிட்டார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்திருக்கிறோம், இதை அரசருக்கு அறிவியுங்கள் என்பதே அவர்களது கோரிக்கை. தானியம் கொடுக்கப்பட்டது. பிறகும் தாமதமானது, பிறகும் உட்கார்ந்தார்கள். இதையெல்லாம் குறித்து வைத்த பப்பைரஸ் இத்தாலியின் தூரின் நகரில் இருக்கிறது. சம்பளத்துக்காகத் தெருவில் நின்ற அனுபவம் உள்ள எமது ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நடந்து போகும் தூரத்தில் மெதீனத் ஹபூ இருக்கிறது; அதே மூன்றாம் ரெம்ஸிஸ் கட்டிய கோயில். சுவரெல்லாம் அவன் வென்ற போர்கள். தொழிலாளருக்குத் தானியம் கொடுக்கத் தவறியது மட்டும் எந்தச் சுவரிலும் இல்லை. அதனால்தான் இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்க்க வைத்திருக்கிறோம்.

அன்றே இன்னும் இரண்டு கல்லறைகள். ஒன்று ரெஹ்மிரே என்ற அமைச்சருடையது. அதன் சுவரில் நூபிய, சிரியக் கைதிகள் மண் குழைத்துச் செங்கல் அறுக்கிறார்கள். பக்கத்தில் தடியோடு மேற்பார்வையாளர்கள். அவர்கள் பனூ இஸ்ராயீல்கள் அல்லர். ஆனாலும் மூஸா நபியின் மக்கள் பட்ட துன்பம் எப்படி இருந்திருக்கும் என்பதை விளங்கிக்கொள்ள அந்த ஓவியம் போதும்.

மற்றது செனெஜெம் என்ற தொழிலாளியுடையது. ஒரு சிறிய அறை, மஞ்சள் நிறச் சுவர்கள். மறுவுலக வயலில் அவரும் மனைவி ஐநெஃபெர்தியும் வேலை செய்கிறார்கள். கணவர் ஏர் உழுகிறார். மனைவி பின்னால் விதை தூவிக்கொண்டு வருகிறார். அவர்களது நம்பிக்கை வேறு, எமது நம்பிக்கை வேறு. ஆனால் வாழ்நாளெல்லாம் அடுத்தவனின் கல்லறைக்காக உழைத்த ஒரு மனிதரின் சொந்தக் கல்லறையில் மனைவியும் பக்கத்தில் இருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் பிடித்திருக்கிறது. தம்பதியாகப் போவோர் மன்னர்களின் பள்ளத்தாக்கோடு திரும்பிவிடாதீர்கள்.

கடைசியாக அஸ்வான். அங்கே ஒரு கற்சுரங்கத்தில் முடிக்கப்படாத தூண் ஒன்று பாறையோடு ஒட்டியபடியே கிடக்கிறது. ஏறத்தாழ 42 மீற்றர் நீளம். வெட்டிக்கொண்டிருக்கும்போதே வெடித்ததால் கைவிடப்பட்டது. கல்லால் கல்லை இடித்துக் குடைந்த அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன.

அங்கிருந்து அபூ ஸிம்பல். அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்காமலிருக்க, 1964 முதல் 1968 வரை யுனெஸ்கோவின் முயற்சியால் கோயில்களைத் துண்டு துண்டாக வெட்டி 65 மீற்றர் உயரத்தில் மீண்டும் பொருத்தினார்கள். உலகமே காசு கொடுத்தது. அதே அணைக்காக எகிப்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 நூபிய மக்கள் ஊரை இழந்தார்கள். சிலைகளுக்குப் பழைய இடத்தின் அருகிலேயே இடம் கிடைத்தது. மனிதர்கள் கொம் ஒம்போ பக்கம் குடியேற்றப்பட்டார்கள். கல்லுக்குக் கிடைத்த கவனம் மனிதனுக்குக் கிடைக்காதது பிர்அவ்ன்களின் காலத்தில் மட்டும் நடந்த ஒன்றல்ல.

விடுதி, விமான டிக்கெட், செலவு விபரங்களைப் போய் வந்த பிறகு எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

எகிப்துக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, எகிப்தின் ஆட்சியாளருக்கும் அந்நிய ஆதிக்கத்துக்கும் எதிராக எழுந்து, 1882இல் தெல் அல்-கபீரில் தோற்ற அஹ்மத் உராபி பாஷாவை ஆங்கிலேயர் நாடு கடத்தியது எமது இலங்கைக்குத்தான். 1883 முதல் 1901 வரை இங்கே வாழ்ந்தார். 1892இல் கொழும்பு ஸாஹிரா தொடங்கப்பட்டபோது சித்திலெப்பை போன்றோருக்குத் துணை நின்றார். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவர் பெயரில் நூதனசாலையாக இருக்கிறது. அடுத்த முறை கண்டிப் பக்கம் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கே ஒதுக்குங்கள். எகிப்தியர் எல்லோரும் பிர்அவ்ன்கள் அல்லர் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.