சீட்டித் துணியும் எண்கோணப் போர்வையும்

சீட்டி என்றால் எங்கள் தலைமுறைக்குப் பூப்போட்ட பாவாடைத் துணி. பிரெஞ்சில் ‘ஆந்தியேன்’, அதாவது இந்தியத் துணி. நான் படித்தது பிரெஞ்சு வழியில். பதினான்காம் லூயி காலத்தில், 1686-ல், இந்தத் துணிக்குத் தடை போட்டதை வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்தோம். அது நம் கரையிலிருந்தும் கப்பலேறிய துணி என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் என் பேத்தி, கணித வடிவங்களில் துணி வெட்டிப் போர்வை தைக்கும் ‘குவில்ட்’ கலையைப் பற்றிக் கேட்டாள். தேடப் போய், அதே சீட்டியில் வந்து நின்றேன்.

குள்ளஞ்சாவடியிலிருந்து பஸ் ஏறினால் கடலூர். அங்கே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690-ல் வாங்கியது. வடக்கே புதுச்சேரியில் 1674 முதல் பிரெஞ்சுக்காரர்கள். இரு கம்பெனிக்கும் முக்கியச் சரக்கு பருத்தித் துணிதான்.

1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, புதுச்சேரியில் சீட்டி எழுதும் முறையைப் படிப்படியாகக் குறித்து, படிக்கொரு துண்டுத் துணியும் சேர்த்து வைத்தார். அந்த ஏடு பாரிஸில் இருக்கிறது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறவைப்பார்கள். படிகாரம் தீட்டிய இடத்தில் சாயவேரின் சிவப்பு பிடிக்கும். நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். அத்தனை பாடுபட்ட துணி!

இங்கிலாந்தும் 1700-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. கள்ளத்தனமாக வருவது நிற்கவில்லை. இப்படிக் கிடைத்த துணியில் மிஞ்சிய துண்டை எறிய யாருக்கு மனம் வரும்? வட இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் 1708 வாக்கில் தைத்த போர்வை இருக்கிறது. இந்தியச் சீட்டியை எண்கோணமாகவும் சிலுவையாகவும் வெட்டி இணைத்தது. அந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளில் அது ஒன்று. சிக்கனம்தான் அங்கே கணிதமாயிற்று என்பது என் எண்ணம்.

கணக்கு எளிது. ஒரு முனையில் கூடும் கோணங்கள் 360 பாகை வர வேண்டும். அறுகோணம் மூன்று கூடினால் 120 வீதம் சரியாகப் போகும். எண்கோணம் இரண்டு சேர்ந்தால் 270. மீதி 90-க்கு ஒரு சதுரம் வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டைதான்.

வடிவம் பிசகாமலிருக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் காகிதத்தில் வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தைத்து, ஓரத்தோடு ஓரம் இணைப்பது. காகிதம் பெரும்பாலும் பழைய கடிதம், கணக்குத்தாள். 1718 என்று ஆண்டு பொறித்த ஒரு பட்டுப் போர்வையில் அந்தக் காகிதங்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. ஆயுள் முழுக்கக் கோப்பு கட்டியவன் நான். இவ்வளவு பத்திரமாகக் காகிதம் வைத்த அலுவலகத்தைக் கண்டதில்லை.

பிரான்சில் தடை நீங்கியது 1759-ல். மறு வருடமே ஒபர்காம்ப் என்பவர் ஷூயி என்ற ஊரில் துணி அச்சடிக்கத் தொடங்கிவிட்டார். எழுதிய நம் ஆட்கள் பெயர் எந்தப் போர்வையிலும் இல்லை.

நம் வீடுகளில் பழம்புடவையை நாலாக மடித்து, ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்போம். கோணம் பார்த்ததில்லை. பேத்தி பார்க்கிறாள். பாட்டியின் சீட்டிப் புடவை கிடைத்துவிட்டது, அறுகோணம் வெட்டக் கெட்டிக் காகிதம் வேண்டுமாம். என் பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.