ஆலங்காயம் வட்டாரத்தில் இயற்பியல் பட்டப்படிப்பு

ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டத்தின் வாணியம்பாடி வட்டத்தில், ஜவ்வாது மலையை ஒட்டி அமைந்த பேரூராட்சி. ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்கள் இதற்கு அருகில் உள்ளன. ஆலங்காயத்தை அடுத்த மலைக் கிராமமான காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது. இயற்பியல் பட்டம் கற்பிக்கும் கல்லூரிகள் சமவெளியிலும், அந்தப் படிப்பு சென்று சேரக்கூடிய ஆய்வகம் மலையிலும் அமைந்தது இவ்வட்டாரக் கல்வி வரலாற்றின் சிறப்பு.

பட்டம் தேடிச் சென்னைக்கு

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பின் பல பத்தாண்டுகளுக்கு வட ஆர்க்காட்டு மாணவர்கள் பட்டப்படிப்புக்குச் சென்னையையே நாட வேண்டியிருந்தது. 1898-இல் தொடங்கிய வேலூர் ஊரீசு கல்லூரியில் எஃப்.ஏ. படித்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், தத்துவத்தில் பட்டம் பெறச் சென்னை கிறித்துவக் கல்லூரிக்குச் சென்றார். இயற்பியல் அக்காலத்தில் பி.ஏ. பட்டத்துக்குரிய பாடமாகவும் இருந்தது. சி.வி. ராமன் 1904-இல் மாநிலக் கல்லூரியில் பெற்றது பி.ஏ. பட்டமே. அதே கல்லூரியில் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் இயற்பியலில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்தார்.

தோல் வணிகமும் கல்லூரிகளும்

இந்நிலை மாறத் தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வமும் ஒரு காரணம். வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தின் இசுலாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கியது. மேல்விஷாரத்தில் தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீமின் பெயரில் 1965-இல் கல்லூரி அமைந்தது. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இல் தோன்றியது. சலேசிய சபையினர் 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியை நிறுவினர். சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த இப்பகுதிக் கல்லூரிகள், 2002-இல் உருவான திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன.

வீட்டிலிருந்து பேருந்தில் சென்று படிக்கும் தொலைவில் கல்லூரி அமைந்ததன் பயன் பெரிது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தோல் பதனிடும் ஆலைக்கோ காலணித் தொழிற்சாலைக்கோ செல்வது இங்கு எளிதான வழி. மூன்றாண்டுகள் சம்பளமின்றிப் படிப்பது குடும்பத்துக்குச் சுமை. விடுதிச் செலவும் சேர்ந்தால், குறிப்பாகப் பெண்களுக்கு, அந்தப் படிப்பு கைகூடுவது அரிது.

காவலூர்

காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு (1927–1982) சென்னையில் பிறந்தவர். இவரது தந்தை ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். நிஜாம் கல்லூரியில் இயற்பியல் படித்த பாப்பு, மாணவப் பருவத்திலேயே மாறுவிண்மீன்களைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். ஐதராபாத் அரசின் உதவித்தொகையுடன் ஹார்வர்டு சென்று, 1949-இல் பார்ட் போக், கோர்டன் நியூகர்க் ஆகியோருடன் ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். 1952-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரான பாப்பு, விண்மீன்களை ஆராய வேறு இடம் தேடினார். காவலூர் நகர வெளிச்சத்திலிருந்து விலகிக் காட்டுக்குள் இருந்தது. ஏறத்தாழ 12.5 பாகை வட அட்சத்தில் உள்ளதால் தென்வானின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களால் ஏற்பட்ட ஒளிக்குறைவு இங்கும் பதிவானது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் நிறுவப்பட்டபோது இந்தியாவின் மிகப் பெரியதாக விளங்கியது. அதைத் திட்டமிட்ட பாப்பு அதற்கு முன்பே மறைந்துவிட்டார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

கல்லூரிச் சோதனையும் விண்மீன் ஒளியும்

பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் செய்யும் சோதனைகளுள் ஒன்று நிறமாலைமானியும் கீற்றணியும் கொண்டு ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிடுவது. பாதரச ஆவி விளக்கின் ஒளி கீற்றணியில் பட்டு நிறக்கோடுகளாகப் பிரியும். ஒவ்வொரு கோடும் விலகும் கோணத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் அலைநீளம் கிடைக்கும். பச்சைக் கோட்டுக்கு அது 546.1 நானோமீட்டர். விடை முன்பே தெரிந்திருப்பதால், மதிப்பெண்ணுக்காகச் செய்யும் சடங்காக இச்சோதனை எளிதில் மாறிவிடுகிறது.

காவலூரில் விண்மீன் ஒளியைப் பிரித்துப் பதிவதிலும் இதே கொள்கைதான் பயன்படுகிறது. அலைநீளங்கள் முன்பே தெரிந்த ஒரு விளக்கின் நிறமாலையும் உடன் பதிவு செய்யப்படும். அதனுடன் ஒப்பிட்டு விண்மீனின் கோடுகள் அளக்கப்படும். 1957-இல் ஓலின் வில்சனும் பாப்புவும் வெளியிட்ட வில்சன்–பாப்பு விளைவும் இத்தகைய அளவீட்டிலிருந்து பிறந்ததே. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் 393.3 நானோமீட்டரில் உள்ள கால்சியம் கோட்டின் நடுவே ஓர் ஒளிர்பகுதி தென்படும். அதன் அகலம் விண்மீனின் உண்மையான ஒளிர்வுக்கேற்ப மாறுகிறது. எனவே கோட்டின் அகலத்தை அளந்து விண்மீனின் தொலைவை மதிப்பிட முடியும்.

இன்றைய நிலை

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல் முதலாண்டின் பெருந்தடை. அதைக் கடந்து பட்டம் பெறுவோருக்கு ஆசிரியர் பயிற்சி, முதுகலை, ஐ.ஐ.டி.களில் முதுகலை சேர்வதற்கான ஜாம் தேர்வு எனப் பல வழிகள் உள்ளன. முதுகலைக்குப் பின் ஜெஸ்ட் போன்ற தேர்வுகள் வழியே, காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் ஆய்வு மாணவராகச் சேரலாம்.

காவலூரின் இருண்ட வானத்துக்கும் பாதுகாப்பு தேவைப்படுகிறது. சுற்றுப்புற ஊர்கள் வளர வளர மின்விளக்குகள் பெருகுகின்றன. மேல்நோக்கிச் சிதறும் ஒளி, மங்கலான விண்மீன்களின் ஒளியை மறைத்துவிடும். தெருவிளக்குகளுக்கு மேல்மூடி அமைத்து ஒளியைத் தரையை நோக்கித் திருப்புவது இதற்கு எளிய தீர்வு. அதன் தேவையை ஊர் மக்களுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி, ஒளிச்சிதறலைப் பாடமாகப் படித்த உள்ளூர் இயற்பியல் மாணவர்களுக்கு உண்டு.